விதிநூலை மூடிவிட்டு வாருங்கள்

1986 மே 27 அன்று ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ வீடியோ கேம் ஓர் அறைக்குள் தொடங்குகிறது. அரசவை. எதிரே மன்னர், அருகில் காவலர்கள், சில பெட்டிகள். கதவு பூட்டிக் கிடக்கிறது. பேச்சு மன்னரிடமிருந்து தொடங்கும். பெட்டியில் இருப்பதை எடுக்க ஒரு கட்டளை. அதில் கிடைத்த சாவியால் கதவைத் திறக்க இன்னொரு கட்டளை. படிக்கட்டில் கால் வைத்தால் மட்டும் போதாது, அதற்கும் தனிக் கட்டளை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் இறங்க முடியும். அறையை விட்டு வெளியே வரும்போது அந்த விளையாட்டின் முக்கியமான கட்டளைகளில் பாதியை ஆடுபவர் பழகிவிட்டிருப்பார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. நடத்தியது போன்ற உணர்வுகூட அவருக்கு இருக்காது.

அந்த அறையை வடிவமைத்தவர் யூஜி ஹோரீ. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ ஆகிய கணினி விளையாட்டுகளின் மேல் அவருக்குப் பெரும் பித்து. ஆனால் அவற்றைத் தான் ஆடியபடியே ஜப்பானியச் சிறுவர்கள் ஆட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விசர்ட்ரியில் நிலவறையின் வழிகளைக் கட்டம்போட்ட தாளில் ஆடுபவரே வரைந்துகொள்ள வேண்டும். செத்துப்போன பாத்திரம் திரும்பி வராமலே போகலாம். ஹோரீ அதை மாற்றினார். அவருடைய வீரன் செத்தால் மன்னர் எதிரில் மறுபடி எழுவான். கையில் இருந்த பொன்னில் பாதி போகும், பெற்ற அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். கோட்டைக்கு வெளியே முதலில் எதிர்ப்படுவது நீலநிறத்துக் கொழகொழப்பான ஒரு ‘ஸ்லைம்’. அதற்குச் சிரித்த முகம் வரைந்தவர் ‘டிராகன் பால்’ சித்திரக்கதை புகழ் அகிரா தோரியாமா. பாலத்தைக் கடந்தால் அரக்கர்களின் பலம் கூடும். இந்த விதி எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. இரண்டு பாலங்களைக் கடந்து இரண்டு முறை அடி வாங்கிய பையனுக்கு அதை எழுதிக் காட்டத் தேவையும் இருக்கவில்லை.

ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரோல் பிளேயிங் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஓர் அறை கிடைப்பது அரிது. பெரும்பாலும் அவர்கள் கையில் திணிக்கப்படுவது ஒரு தடித்த புத்தகம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம். அதன் போட்டியாளரான ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பின் மூலநூல் 640 பக்கம். “முதலில் படித்துவிட்டு வா, அப்புறம் ஆடலாம்” என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும்போது அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அது தலைகீழான வரிசை. ஆடாதவருக்கு அந்த நூல் புரியாது. ஆடியவருக்குத்தான் அதில் எந்தப் பக்கம் வேண்டும் என்பதே தெரியும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக: நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் ஓர் உலகத்தை வாயால் விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். வெற்றியா தோல்வியா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருள்கிறது. பாத்திரத்தின் பலமும் திறமையும் ‘கேரக்டர் ஷீட்’ என்ற ஒரு தாளில் எண்களாக இருக்கும். வீடியோ ஆர்.பி.ஜி.க்களில் கேம் மாஸ்டர் வேலையையும் பகடை வேலையையும் கணினி பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

அந்த மூலமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜெனீவா ஏரிக்கரைச் சிற்றூரில் ஒரு பழுப்புநிற அட்டைப்பெட்டியாக வெளிவந்தது. உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர், அச்சிட்டது 1,000 பிரதிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் அதன் ஆசிரியர்கள். வாங்கியவர்கள் விழித்தார்கள். சண்டை விதிகள் பலவற்றுக்கு ‘செயின்மெயில்’ என்ற வேறொரு போர் விளையாட்டு நூலைப் பார்க்கச் சொன்னது அந்தப் பெட்டி. காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ விளையாட்டின் பலகையை வாங்கிக்கொள்ளச் சொன்னது. ஓர் ஆட்டம் எப்படித் தொடங்கும், யார் முதலில் பேசுவார், எப்போது முடியும் என்பதெல்லாம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்தவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கைகாக்ஸே அந்த ஆட்டத்தைப் படித்துக் கற்றவர் இல்லை. 1972இன் இறுதியில் ஆர்னிசன் மினசோட்டாவிலிருந்து வந்து தன்னுடைய ‘பிளாக்மூர்’ உலகத்தில் கைகாக்ஸ் குழுவினரை ஒரு நாள் ஆடவைத்தார். ஆடி முடித்தபிறகுதான் கைகாக்ஸ் விதிகளைக் கேட்டார். ஆர்னிசன் அனுப்பிவைத்தது சுமார் இருபது பக்கக் குறிப்புகள். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கக்கூடிய அந்தக் குறிப்புகளை வைத்து கைகாக்ஸ் ஒரு தொழிலையே எழுப்பினார் என்றால், அந்த ஒரு நாள் ஆட்டம் அவர் நினைவில் இருந்ததுதான் காரணம். ஆனால் பெட்டியை வாங்கிய ஆயிரம் பேருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே அந்தப் புத்தகங்களைப் புரட்டினார். குழப்பமாக இருந்தது. புரிந்துகொள்ளப் போராடுவதற்குப் பதிலாகத் தானே ஒன்றை எழுதிவிட்டார். ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ என்ற அந்த விளையாட்டு 1975இல் வந்தது. வீட்டில் கிடக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை போதும். அடுத்த ஆண்டே அதற்கு ‘பஃபலோ காசில்’ என்ற தனிஆள் சாகசம் வெளியானது. கேம் மாஸ்டர் வேண்டாம், நண்பர்கள் வேண்டாம். பத்தியைப் படித்து, முடிவெடுத்து, அடுத்து எந்த எண்ணுள்ள பத்திக்குப் போக வேண்டும் என்று புரட்ட வேண்டியதுதான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1982இல், பிரிட்டனில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ இதே உத்தியை 400 பத்திகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகள் யாரும் ‘விதி கற்கிறோம்’ என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1977இல் எளிய தொடக்கப் பெட்டி ஒன்றைத் தொகுத்தவர் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர். (மூளையைப் படித்தவர்தான் அந்த விதிகளை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது என்று கேலி செய்யலாம்.) விற்பனை ஏறியதில் பலமுகப் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தது, சில காலம் பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். அவற்றை ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும்.

உண்மையான திருப்பம் 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி. ஆட்டக்காரர் நூலைத் திறந்ததும் விதி இல்லை, கதைதான். வாசிப்பவரே ஒரு வீரர். குகைக்குள் போகிறார். ஒரு பாம்பு. சண்டை. அடிபட்டால் எந்த எண் குறையும் என்பது அங்கே தெரிகிறது. பிறகு அலீனா என்ற பெண் துறவியைச் சந்திக்கிறார். அவள் காயத்தை ஆற்றுகிறாள். அப்போதுதான் மந்திரம் என்றால் என்ன, யாருக்கு அது வரும் என்பது அறிமுகமாகிறது. சில பக்கங்களில் பார்கிள் என்ற கெட்ட மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். சின்ன வயதில் அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். பார்கிள் பெயரைச் சொன்னால் இன்னும் கோபப்படுகிறவர்கள் அவர்களில் உண்டு. அந்தக் கோபத்தோடு சேர்ந்துதான் ‘ஹிட் பாயிண்ட்’, ‘சேவிங் த்ரோ’ போன்ற விதிச்சொற்கள் எல்லாம் மனத்தில் பதிந்தன. அட்டவணையைப் பார்த்து யாருக்கும் கோபம் வந்ததில்லை.

மொழியியலாளர் ஜேம்ஸ் பால் ஜீ, வீடியோ கேம்களும் கற்றலும் குறித்து 2003இல் எழுதிய நூலில் இதையே தன் அனுபவமாகச் சொல்கிறார். ‘டியஸ் எக்ஸ்’ என்ற ஆர்.பி.ஜி.யை ஆடத் தொடங்குமுன் அதனுடன் வந்த சிறுகையேட்டைப் படித்தார். சொற்கள் எல்லாம் தெரிந்த சொற்கள், ஆனால் எதுவும் ஒட்டவில்லை. பல மணி நேரம் ஆடிவிட்டு அதே கையேட்டைத் திறந்தபோது ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. சொல்லுக்குப் பின்னால் ஒரு காட்சியும் ஒரு செயலும் வந்து சேர்ந்திருந்தன. பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் விளையாட்டைக் காட்டாமல் கையேட்டை மட்டும் கொடுக்கின்றன என்பது அவர் வாதம். அந்த வாதத்தைப் பள்ளிக்கு வெளியே, விளையாட்டுக்கே திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் விசித்திரம்.

நம் ஊரில் ரம்மியை யாரும் புத்தகத்தில் கற்றதில்லை. கல்யாண வீட்டில் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கையிலுள்ள சீட்டைப் பார்த்து, எதை எடுக்கிறார் எதை இறக்குகிறார் என்று கவனித்துத்தான் கற்றார்கள். ஜப்பானியர்கள் இந்த முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை அச்சில் கொண்டுவந்தார்கள். 1986இல் ‘காம்ப்டிக்’ என்ற கணினி இதழ் ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நடந்த உரையாடலை அப்படியே நாடகம் போல் தொடராக வெளியிட்டது. கேம் மாஸ்டர் ரியோ மிசுனோ. யார் என்ன சொன்னார், என்ன பகடை விழுந்தது, எங்கே சிரித்தார்கள், எங்கே தவறாகக் கணக்குப் போட்டார்கள், எல்லாம் அதில் வந்தன. ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ என்று நாவலாகவும் அனிமேஷனாகவும் பின்னர் புகழ்பெற்றது அந்த ஆட்டம்தான். அதன் நாயகியான டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணை மேசையில் ஆடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். இப்படிப்பட்ட ‘ரீப்ளே’ நூல்கள் ஜப்பானில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தன. அவற்றைப் படித்தவர் பகடையைத் தொடுவதற்கு முன்பே ஒரு மேசையில் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொண்டார்.

2015 மார்ச்சில் அமெரிக்காவில் தொடங்கிய ‘கிரிட்டிகல் ரோல்’ இணையத் தொடர் அதே வேலையை நேரலையில் செய்தது. குரல் நடிகர்கள் சிலர், மேத்யூ மெர்சர் என்ற கேம் மாஸ்டர், வாரந்தோறும் சில மணி நேரம். அதைப் பார்த்து ஆட வந்தவர்கள் ஏராளம். ஒரு பக்கவிளைவும் வந்தது: பக்கத்து வீட்டு நண்பர் கேம் மாஸ்டராக உட்கார்ந்தால் அவரும் பத்துக் குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். மெர்சரே பலமுறை அந்த எதிர்பார்ப்பைத் தணிக்க வேண்டியதாயிற்று. இருந்தாலும் புதியவருக்கு 320 பக்கத்தைக் கொடுப்பதா, இரண்டு மணி நேரக் காணொலியைக் காட்டுவதா என்று கேட்டால், காணொலிக்கே கைதூக்கலாம்.

முற்றிலும் புதியவரைவிட அதிகம் திணறுகிறவர் ஒருவர் உண்டு. வேறொரு விளையாட்டில் கரைகண்டவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பத்து ஆண்டு ஊறியவர், சாண்டி பீட்டர்சன் 1981இல் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுலு’ மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலவறையில் சத்தம் கேட்கிறது. அவர் கை தானாகத் துப்பாக்கிக்குப் போகிறது. அந்த விளையாட்டில் அவர் ஒரு சாதாரண பேராசிரியரோ பத்திரிகையாளரோதான். உள்ளே இருப்பதைப் பார்த்தாலே புத்தி பேதலிக்கும், அதற்கென்று தனிப் புள்ளிக்கணக்கும் உண்டு. அங்கே கெட்டிக்காரத்தனம் என்பது நூலகத்தில் பழைய செய்தித்தாளைத் தேடுவதும், சரியான நேரத்தில் ஓடுவதும். இவருக்கு விழுக்காட்டுப் பகடை முறையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஓடுவதில் அவமானம் இல்லை என்று புரியவைக்கத்தான் இரண்டு பாத்திரங்கள் சாக வேண்டும்.

ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) இதைவிட நல்ல உதாரணம். ஆட்டக்காரர்கள் திருடர் கூட்டம். பழைய பழக்கம் உள்ளவர்கள் கொள்ளைக்குமுன் இரண்டு மணி நேரம் திட்டம் போடுவார்கள்: எந்தக் கயிறு, எந்தச் சன்னல், யார் காவலுக்கு. ஆனால் அந்த விளையாட்டு திட்டமிடுதலையே வெட்டி எறிந்திருக்கிறது. நேராகக் கொள்ளையின் நடுவில் காட்சி தொடங்கும். என்னென்ன கருவி எடுத்துவந்தோம் என்பதைத் தேவைப்படும்போது சொன்னால் போதும். காவலாளி எதிரில் வந்தால், “நேற்றே இவனுக்குப் பணம் கொடுத்துவிட்டேன்” என்று பின்னோக்கிய காட்சி ஒன்றைச் சொல்லலாம். அதற்குரிய விலை மன அழுத்தப் புள்ளிகளாகக் கழியும். விதியாக இது அரைப் பக்கம். படித்துவிட்டுத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் வரைபடத்தை விரித்துத் திட்டம் போடத் தொடங்குகிறார்கள். அப்போது கேம் மாஸ்டர் வரைபடத்தை மடக்கி, “நீங்கள் ஏற்கெனவே கூரையில் இருக்கிறீர்கள்” என்று சொல்ல வேண்டும். அதற்கு ஈடான பத்தி எந்த நூலிலும் இல்லை.

திரைக்கு வந்தால் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. 2002இல் வந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டில் முதல் ஊரின் கடற்கரையில் ஒரு நண்டு வரும். ஆடுபவர் கத்தியால் வெட்டுகிறார். கத்தி நண்டின் மேல் படுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ‘தவறிவிட்டது’. காரணம், திரைக்குப் பின்னால் பகடை உருள்கிறது. கத்தித் திறமை குறைவு, ஓடி வந்ததில் களைப்பு அதிகம், கணக்கு தோற்கிறது. மேசையில் இருந்தால் பகடை எதிரில் விழுந்திருக்கும், புரிந்திருக்கும். இங்கே விளையாட்டு பழுது என்றே தோன்றும். அதே நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ (2011) ஆடிவிட்டு, அதன் மூத்த சகோதரனை எட்டிப் பார்க்க வந்தவர்கள் அந்தக் கடற்கரையிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். கடினமாக இருப்பது ஒன்று, கணக்கை மறைப்பது வேறு. முன்னதை மன்னிக்கலாம்.

கடினத்துக்குப் பேர்போன ‘டார்க் சோல்ஸ்’ (2011) இந்த வகையில் நேர்மையானது. முதல் சிறையில், கையில் முறிந்த வாளின் பிடி மட்டும் இருக்கும்போது ஒரு பிரம்மாண்ட அரக்கன் குதிக்கிறான். ஓடச் சொல்லித் தரையிலேயே செய்தி இருக்கிறது. பக்கத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வீரம் காட்டுகிறவர் சாவார். ஓடுகிறவர் உள்ளே போய் நல்ல ஆயுதத்தோடு திரும்பி வருவார். அதே நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ (2022) திறந்தவெளிக்கு வந்ததும் பொன்கவசக் குதிரைவீரன் ஒருவனை நிறுத்திவைக்கிறது. அவனோடு மோதி மோதிச் சாகிறவர்கள், அவனைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகலாம் என்று கொஞ்ச நேரத்தில் உணர்வார்கள். அந்த விளையாட்டு முழுவதற்குமான திறவுகோல் அதுதான். ஆனால் அதே விளையாட்டின் முறையான பயிற்சிப் பகுதி ஒரு குழிக்குள் இருந்தது. குழியில் குதிக்கலாம் என்று தோன்றாமல் எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போனார்கள். நல்ல ஆசிரியருக்கும் சில நாள் அப்படி அமையும்.

இந்த விளையாட்டுகளின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி சிறுவயதில் தன் வயதுக்கும் மொழியறிவுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எடுத்துவந்து, புரியாத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பிப் படித்தவர். பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய கதைகள் பாதி சொல்லாமல் நிற்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஆடுகிறவர்கள் தரையில் குறிப்பு எழுதிவைத்தும் வேறு வகையிலும் ஒருவருக்கொருவர் உதவும் இணைய வசதிக்கு வேறொரு மூலம்: பனி மூடிய மலைப்பாதையில் கார்கள் ஏறமுடியாமல் சறுக்கியபோது, பின்னால் வந்த முகம் தெரியாதவர்கள் தள்ளிவிட்டுப் போன சம்பவம். “முன்னால் பதுங்கியிருக்கிறான்” என்று யாரோ எழுதிவைத்த குறிப்பைப் படித்துத் தப்பிக்கும்போது கிடைப்பது நல்ல கல்வி. “குதி, புதையல் இருக்கிறது” என்று எழுதி ஆளைப் பள்ளத்தில் தள்ளுகிறவர்களும் உண்டு. அதுவும் ஒருவகைக் கல்விதான்.

இணையத்தில் கிடைக்கும் ‘பில்ட்’ வழிகாட்டிகளைப் பற்றி இங்கே கடுமையாகவே சொல்ல வேண்டும். விளையாட்டு தொடங்குமுன்பே “இந்த இனம், இந்த வகுப்பு, நான்காம் நிலையில் இது, எட்டாம் நிலையில் அது” என்று பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஆடுகிறவர் கற்பது பட்டியலைப் பின்பற்றுவதை மட்டுமே. ஏன் அந்தத் தேர்வு நல்லது என்பது அவருக்குத் தெரியாது. நிலைமை மாறினால் கை ஓடாது. தப்பான பாத்திரத்தோடு இருபது மணி நேரம் திண்டாடுவது இழப்புதான் என்றால், விளையாட்டுகளே அதற்கு வழி செய்யத் தொடங்கிவிட்டன. 2023இல் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது பெற்ற, பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ இல் விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டுக் கிழவரிடம் 100 பொன் கொடுத்தால் பாத்திரத்தின் திறன்களை முதலிலிருந்து மாற்றியமைக்கலாம். நூறு பொன் ஒன்றும் பெரிய தொகை இல்லை. தாராளமாகத் தப்புச் செய்யலாம்.

அந்த விளையாட்டு இன்னொரு நல்லதும் செய்தது. மாரோவிண்ட் மறைத்த பகடையை அது திரை நடுவில் பெரிதாக உருட்டிக் காட்டியது: எவ்வளவு தேவை, எந்தத் திறமைக்கு எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு விழுந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளைப் புத்தகம் தொடாமல் கற்ற ஒரு தலைமுறையை அது மேசைக்கு அனுப்பியிருக்கிறது. அவர்கள் ஒரு கெட்ட பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். பகடை சரியில்லை என்றால் பழைய சேமிப்பை ஏற்றி மறுபடி உருட்டுவது. மேசையில் அந்தப் பொத்தான் கிடையாது. தோற்பதையும் ரசிக்கலாம் என்று காட்ட அவர்களுக்கு எஸ்டோனியர்கள் உருவாக்கிய ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) விளையாட்டைப் பரிந்துரைக்கலாம். போதையில் விழித்தெழும் துப்பறிவாளர், உடல்நிலை மோசமாக இருந்தால், மின்விசிறியில் தொங்கும் தன் கழுத்துப்பட்டையை எட்டி எடுக்க முயன்றே மாரடைப்பில் சாகலாம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாருமே எதையும் படிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மேசையில் ஒருவர் படித்திருக்கத்தான் வேண்டும். அவர் கேம் மாஸ்டர். ஓராண்டாக வாரந்தோறும் வந்து ஆடிவிட்டு, இன்னும் “எந்தப் பகடை உருட்டணும்?” என்று கேட்கிற ஆட்டக்காரரையும் ஆதரிக்க முடியாது, அவர் மற்றவர்களின் உழைப்பில் உட்கார்ந்திருக்கிறார். பத்தாவது ஆட்டத்துக்கு வருகிறவர் தன் பாத்திரத்தின் இரண்டு பக்கத்தையாவது படித்திருக்க வேண்டும் என்பது நியாயம். முதல் ஆட்டத்துக்கு வருகிறவரிடம் அதைக் கேட்பதுதான் அநியாயம்.

பழையவர்களுக்கு ஏன் இது உறைப்பதில்லை என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய பதிப்புகளில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 10 என்றால் கவசமே இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் அசைக்க முடியாது. அடி விழுமா என்று பார்க்க ‘தாக்கோ’ என்ற கழித்தல் கணக்கு. 1998இல் வந்த முதல் ‘பால்டர்ஸ் கேட்’ ஆடவும் அதைத்தான் கற்க வேண்டியிருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு கூட்டல் கணக்காக அதைத் திருப்பிப் போட்டது. எண் கூடினால் நல்லது, அவ்வளவே. ஆனாலும் தாக்கோ மிகவும் சுலபம் என்று சத்தியம் செய்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களுக்கு அது சுலபம்தான். அதைக் கற்கப் பட்ட பாடு அவர்கள் நினைவில் இல்லை.

அப்படியானால் முதல் ஆட்டம் எப்படி இருக்கலாம்? பாத்திரங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 தொடக்கப் பெட்டியில் ஐந்து ஆயத்தப் பாத்திரங்கள் இருந்தன. கதை சாலையில் காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் பதுங்கித் தாக்குவதில் நேரடியாகத் தொடங்கியது. (அந்தக் காப்ளின்கள் கொஞ்சம் அதிகமாகவே பலசாலிகள் என்பது வேறு விஷயம், முதல் சண்டையிலேயே கூட்டத்தோடு செத்தவர்கள் உண்டு.) புதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி “என்ன செய்கிறீர்கள்?” என்பது மட்டுமே. பதிலுக்கு ஏற்ற விதியைக் கேம் மாஸ்டர் தேடிக்கொள்ளட்டும். ஒரு விதி தப்பாகப் போனால் அன்றைக்குப் போகட்டும். நூலைப் புரட்டி ஆட்டத்தை நிறுத்துகிற மூத்த ஆட்டக்காரரின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி வைத்துவிடலாம்.

அதுவும் பயமாக இருந்தால் ஒரே பக்கத்தில் முடியும் விளையாட்டுகள் இருக்கின்றன. கிராண்ட் ஹோவிட் 2017இல் எழுதிய ‘ஹனி ஹைஸ்ட்’ அதில் ஒன்று. எல்லோரும் கரடிகள். தேன் கொள்ளையடிக்கத் திட்டம். ஆளுக்கு இரண்டே எண்கள்: எவ்வளவு கரடி, எவ்வளவு திருடன். கரடி எண் ஆறைத் தொட்டால் பாத்திரம் வெறிபிடித்துவிடும், திருடன் எண் ஆறைத் தொட்டால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். தலையில் என்ன தொப்பி என்பதற்கும் பகடை உண்டு. பாத்திரம் ஏற்பது, பகடை உருட்டுவது, தோல்வியைக் கதையாக்குவது என்று ஒரு ஆர்.பி.ஜி.க்குத் தேவையான எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும்.

தமிழில் ஆட நினைப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. விதிநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆட்டமோ பேச்சில். கேம் மாஸ்டர் ஒருவருக்கு ஆங்கில நூல் புரிந்தால் போதும், மேசை முழுக்கத் தமிழில் நடக்கலாம், பாட்டியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ‘படித்துவிட்டு வா’ என்ற நிபந்தனை வைத்தால் இந்த வாசல் அடைபடும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள் மட்டுமே உள்ளே வருவார்கள். சட்டத் தடையும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஆர்வத்தோடு உட்காரும் மொழிபெயர்ப்பாளர் சுமார் 400 பக்கம் கொண்ட அந்தத் தொகுப்பின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடக் கூடாது. முதலில் வர வேண்டியது நான்கு ஆயத்தப் பாத்திரங்களும் ஒரு மாலையில் ஆடி முடிக்கக்கூடிய பத்துப் பக்கச் சாகசம் ஒன்றும். தேவையான விதிகள் அந்தந்தக் காட்சியின் ஓரத்திலேயே இரண்டு வரியில் இருக்கட்டும். மீதி விதிகளை, அந்தச் சாகசத்தை ஆடி முடித்தவர்கள் கேட்கும்போது கொடுக்கலாம்.